ஸ்பிளெண்டரிலிருந்து கிளாசிக் 350-க்கு: பழகாத பைக்கை ஓட்டிப் பார்த்துச் சொந்த வண்டியோடு ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் ஒரே பைக்கை ஓட்டியவருக்குக் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், பிரேக்கை எவ்வளவு மிதித்தால் வண்டி நிற்கும், எந்தச் சத்தம் வந்ததும் கியரை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் யோசிக்காமலேயே கைகால்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் அவர் நண்பரின் வண்டியிலோ ஷோரூமின் டெஸ்ட் ரைடு வண்டியிலோ ஏறுகிறார். ஆகவே முதல் பத்து நிமிடங்களில் "கிளட்ச் கடினமாக இருக்கிறது", "பிரேக் மந்தமாக இருக்கிறது" என்று அவர் சொல்வதில் பெரும்பகுதி, சொந்த வண்டி அவருக்குள் பதித்துவைத்திருக்கும் அளவுகோலின் பேச்சாகவே இருக்கும். அந்த அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் புதிய வண்டியை அளந்தால் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது. ஒப்பீட்டு வேலையில் பாதி சொந்த வண்டியில்தான் நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தமிழ்நாட்டில் அடிக்கடி காணக்கூடிய ஒரு மாற்றத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கையில் இருப்பது ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ். ஓட்டிப் பார்க்க விரும்புவது சென்னையை ஒட்டிய ஆலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, அதாவது 2021-ல் புதிய எஞ்சினோடு வந்த மாடல். ஸ்பிளெண்டரின் எஞ்சின் 97.2 சிசி, சுமார் 8 குதிரைத்திறனை 8,000 ஆர்பிஎம்மிலும் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை), 8.05 நியூட்டன் மீட்டர் டார்க்கை (சுழற்றும் விசை, அதாவது இழுவை) 6,000 ஆர்பிஎம்மிலும் தருகிறது. வண்டியின் எடை 112 கிலோ. கிளாசிக்கின் எஞ்சின் 349 சிசி, 20.2 குதிரைத்திறனை 6,100 ஆர்பிஎம்மிலும், 27 நியூட்டன் மீட்டர் டார்க்கை 4,000 ஆர்பிஎம்மிலும் தருகிறது. எடை 195 கிலோ. குதிரைத்திறன் இரண்டரை மடங்கு என்பதுதான் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் ஓட்டும்போது முதலில் உணரப்படுவது டார்க் எண்ணும், அது எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதும், எடையும்தான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி அமர்ந்தால் ஸ்பிளெண்டர் 182 கிலோவாகவும் கிளாசிக் 265 கிலோவாகவும் ஆகிறது. காலை ஊன்றி நிற்கும்போதும், தள்ளித் திருப்பும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் இந்த வேறுபாடு கூடவே வரும்.

முதல் படி: சொந்த வண்டியை ஒழுங்குபடுத்துதல்

சர்வீஸுக்கு விட்டுப் பல மாதங்கள் ஆன வண்டியிலிருந்து இறங்கி, ஷோரூமில் பளபளவென்று நிற்கும் வண்டியில் ஏறினால், எந்த வண்டியும் சொர்க்கமாகத்தான் தெரியும். தளர்ந்த செயின், காற்றுக் குறைந்த டயர், எண்ணெய் ஒழுகும் முன் ஃபோர்க், தேய்ந்த பிரேக் ஷூ ஆகியவற்றை வைத்துக்கொண்டு செய்யும் ஒப்பீட்டில், ஒரு மாடலின் குணமும் பராமரிப்புக் குறைவும் ஒன்றாகக் கலந்துவிடும். எனவே டெஸ்ட் ரைடுக்குச் சில நாட்களுக்கு முன்பே செயினை இறுக்கி எண்ணெய் விட்டு, பிரேக்கையும் கிளட்ச் கேபிளையும் சரிசெய்து, இரு டயர்களிலும் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குக் காற்றுப் பிடித்துவிடுங்கள். டயர் சூடாவதற்கு முன், காலையில் காற்று பார்ப்பதே சரியான அளவைக் காட்டும்.

பிறகு ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஷோரூமிலிருந்து புறப்பட்டு ஷோரூமுக்கே திரும்பும் பாதையாக அது இருப்பது நல்லது. அதில் நெரிசலான ஒரு சந்திப்பு, இரண்டு மூன்று வேகத்தடைகள், மேம்பாலம் போன்ற ஒரு ஏற்றம், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடமாவது போகக்கூடிய நேர்ச்சாலை, ஒரு யு-டர்ன் ஆகியவை இருக்க வேண்டும். ஷோரூம் விற்பனையாளர்கள் வழக்கமாகக் காட்டும் பாதை ஒரு வலப்பக்கத் திருப்பமும் ஒரு நேர்ச்சாலையுமாக முடிந்துவிடும். அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். "நான் தினமும் போகும் வழியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்" என்று முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். டெஸ்ட் ரைடு அன்று அதே பாதையில் முதலில் உங்கள் ஸ்பிளெண்டரை ஓட்டி முடித்து, உடம்பில் அந்த நினைவு புதிதாக இருக்கும்போதே கிளாசிக்கில் ஏறுங்கள்.

இரண்டாம் படி: உரிமமும் பொறுப்பும்

கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான ஓட்டுநர் உரிமம் உங்களிடம் இருக்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்ட மட்டும் எடுத்த கியரில்லாப் பிரிவு போதாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாமல் ஓட்டுபவருக்கு 5,000 ரூபாய் அபராதம். வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் அதே தொகை உண்டு. நண்பரின் வண்டியென்றால் ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை நடப்பில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தாலும், விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இருவரின் நட்பையும் காப்பாற்றுவது அந்தக் காகிதங்கள்தான். வாடகைக்கு எடுப்பதானால் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியாக இருக்க வேண்டும். வெள்ளைத் தகடு போட்ட சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது, காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

மூன்றாம் படி: எஞ்சினை இயக்கும் முன்

உட்காருவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, டயர்களின் தேய்மானம், பிரேக் விளக்கு, இன்டிகேட்டர், ஹார்ன், ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் ஆகியவற்றைப் பாருங்கள். கீறல்களை உரிமையாளர் கண்முன்னால் போட்டோ எடுத்துவைப்பதில் தவறில்லை. அதன் பிறகு சைடு ஸ்டாண்டை எடுத்து, எஞ்சின் அணைந்த நிலையிலேயே வண்டியின் இடப்பக்கம் நின்று பத்தடி முன்னும் பத்தடி பின்னும் தள்ளிப் பாருங்கள். 195 கிலோ என்றால் என்ன என்று எந்த விவரப் பட்டியலும் சொல்லாததை இந்த இருபதடி சொல்லிவிடும். வீட்டு வாசலில் சாய்தளமோ, குறுகலான நடையோ, படியின் மேல் பலகை போட்டு ஏற்ற வேண்டிய நிலையோ இருந்தால், உங்களுக்கான தீர்ப்பு எஞ்சினை இயக்குவதற்கு முன்பே வந்துவிடக்கூடும்.

ஸ்பிளெண்டரின் சீட் 785 மில்லிமீட்டர் உயரம். கிளாசிக்கின் சீட் 805. இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடுதானே என்று தோன்றும். ஆனால் கிளாசிக்கின் சீட் அகலமானது என்பதால் தொடைகள் விலகி, பாதம் தரையை எட்டும் நீளம் மேலும் குறைகிறது. இரு பாதங்களின் முன்பகுதியும் உறுதியாக ஊன்றுகின்றனவா என்று சமதரையிலும், சாலையோரம் ஒரு பக்கம் சரிந்த இடத்திலும் அமர்ந்து பாருங்கள். கண்ணாடிகளைத் திருத்திக்கொள்ளுங்கள்.

சுவிட்சுகளையும் கண்ணால் பாராமல் தொட்டுப் பழக வேண்டும். கிளாசிக்கில் ஸ்டார்ட்டரும் எஞ்சினை அணைக்கும் சுவிட்சும் வலப்பக்கத்தில் ஒரே திருகு சுவிட்சாக இருக்கின்றன. முகப்பு விளக்குக்கும் இடப்பக்கத்தில் அதேபோல ஒரு திருகு. கிக்கர் கிடையாது. ஹார்னைத் தேடும் கட்டைவிரல் இன்டிகேட்டரைத் தள்ளிவிடுவது முதல் நாளில் சாதாரணம். ஐந்தாறு முறை இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தால் அது வெகுவாகக் குறையும்.

நான்காம் படி: கியர்

இந்த ஒப்பீட்டில் ஆபத்து அதிகமாக இருக்கும் இடம் இதுதான் என்பதால் இங்கே அவசரப்படக் கூடாது. ஸ்பிளெண்டரில் நியூட்ரலுக்குப் பிறகு வரும் நான்கு கியர்களும் முன்பக்கம் மிதித்தால் ஏறும்; குதிகாலால் பின்பக்கம் மிதித்தால் இறங்கும். கிளாசிக்கில் முதல் கியர் மட்டும் கீழே. மற்ற நான்கும் மேலே. அதாவது முன்பக்கம் மிதித்தால் கியர் இறங்கும். குதிகாலால் மிதித்தால் ஏறும். இரண்டு வண்டிகளிலும் லீவர் ஒரே மாதிரி முன்னும் பின்னும் நீண்டிருப்பதால், பார்வைக்கு வேறுபாடே தெரியாது. காலோ தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும்.

இதனால் நடக்கக்கூடியவை இரண்டு. மூன்றாம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நான்காம் கியருக்காக முன்பக்கம் மிதித்தால் இரண்டாம் கியர் விழும். கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் அலறி, பின்சக்கரம் இழுபட்டு, ஈரச்சாலையிலோ மணலிலோ வழுக்கவும் செய்யும். அடுத்தது சிக்னலில் நடப்பது. ஸ்பிளெண்டர்க்காரர் நிற்கப் போகும்போது குதிகாலால் தட்டிக்கொண்டே போய், லீவர் அதற்கு மேல் அசையாத இடத்தில் நியூட்ரல் என்று நிறுத்துவார். கிளாசிக்கில் அதே பழக்கத்தில் தட்டினால் வண்டி ஐந்தாம் கியருக்குப் போய் நிற்கும். பச்சை விழுந்ததும் எஞ்சின் திணறி அணைந்துவிடும். பின்னால் நிற்கும் பேருந்து ஹார்ன் அடிக்கும். நியூட்ரல் கிளாசிக்கில் கடைசியில் இல்லை. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில், அரைத் தட்டலில் இருக்கிறது.

இதற்குத் தீர்வாக நான் பரிந்துரைப்பது, முதல் நாள் குதிகால் லீவரை அறவே தொடாமல் ஓட்டுவதே. பாதத்தை லீவரின் முன்பகுதிக்கு அடியில் நுழைத்து மேல்நோக்கித் தூக்கிக் கியரை ஏற்றுங்கள். கீழ்நோக்கி மிதித்து இறக்குங்கள். தூக்குவது என்பது ஸ்பிளெண்டரில் உங்கள் கால் செய்தே அறியாத அசைவு என்பதால், பழைய பழக்கம் அதில் குறுக்கிடாது. செருப்பு அணிந்து வந்திருந்தால் நான்கைந்து முறை தூக்கியதுமே பாதத்தின் மேல்தோல் எரியத் தொடங்கும். ஷூ போட்டுக்கொண்டு வருவதற்குப் பாதுகாப்பு மட்டுமே காரணம் இல்லை. புறப்படுவதற்கு முன் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் அணைந்த நிலையில் ஒருவர் பின்சக்கரத்தைக் கையால் உருட்ட, ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏற்றியும் இறக்கியும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே பழகுங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

எந்தப் பழகாத வண்டியை வாங்கினாலும் சாவியைக் கையில் வாங்கும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே: "அண்ணே, கியர் ஒண்ணு கீழ, மத்தது மேலயா? இல்ல எல்லாமே முன்னாடியா?" பழைய வண்டிகளில் இதைவிடப் பெரிய வியப்புகள் உண்டு. பழைய நான்கு கியர் புல்லட்டில் கியர் லீவர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். மைசூரில் 1996 வரை தயாரான யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பிதான். அத்தகைய வண்டிகளைப் போக்குவரத்துள்ள சாலையில் முதன்முதலாக ஓட்டிப் பார்க்கவே கூடாது.

ஐந்தாம் படி: நடைவேகத்தில் கிளட்ச்சும் எட்டும்

காலியான ஒரு மைதானமோ வாகன நிறுத்துமிடமோ கிடைத்தால் நல்லது. முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மிக மெதுவாக விடுங்கள். எஞ்சினின் சத்தம் சற்றே தாழ்ந்து வண்டி நகர எத்தனிக்கும் புள்ளியே கிளட்ச் பிடிக்கும் இடம். அந்த இடத்துக்கும் கைப்பிடிக்கும் இடையிலான தூரத்தை விரல்கள் அறியும்வரை நகர்வதும் நிற்பதுமாகச் செய்யுங்கள். கிளாசிக்கில் ஆக்சிலேட்டரை முறுக்காமலேயே வண்டி நகர்ந்து போவதைப் பார்த்து ஸ்பிளெண்டர்க்காரர் வியப்பார். குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் டார்க்கின் வேலை அது. கிளட்ச் லீவர் ஸ்பிளெண்டரைவிட இறுக்கமாக இருக்கும். ஒருமுறை பிடித்தால் அது தெரியாது. நெரிசலில் கால்மணி நேரம் போன பிறகு இடக்கையின் மணிக்கட்டு சொல்லும். ஆகவே இறுக்கம் பற்றிய உங்கள் கருத்தை இந்த மைதானத்தில் எழுதிவிடாமல் சாலைக்குப் பிறகு எழுதுங்கள்.

அடுத்தது எட்டு. உரிமம் எடுக்கப் போனபோது ஆர்டிஓ அலுவலகத் தரையில் எட்டுப் போட்டவர்கள் பிறகு அதைச் செய்வதே இல்லை. பழகாத வண்டியை அறிய அதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின்பிரேக்கை இலேசாக அழுத்தியபடி, பார்வையைச் சக்கரத்தின் முன்னால் வைக்காமல் போக வேண்டிய இடத்தில் வைத்து, முதலில் பெரிய எட்டாகவும் பிறகு சிறியதாகவும் போடுங்கள். திருப்பும்போது முன்பிரேக்கைத் தொடாதீர்கள். ஹேண்டில்பார் திரும்பிய நிலையில் முன்சக்கரம் பிடித்துக்கொண்டால் கனமான வண்டியைக் காலால் தாங்க முடியாது. சாயத் தொடங்கிய 195 கிலோவைத் தூக்கி நிறுத்த முயல்வதைவிட விலகிக்கொள்வதே மேல்; முதுகு போனால் திரும்பி வராது.

ஆறாம் படி: பிரேக்

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். 125 சிசி வரையிலானவற்றுக்கு ஏபிஎஸ் அல்லது இணைந்த பிரேக் அமைப்பு ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். அதன் பிறகு வந்த ஸ்பிளெண்டரில் வலக்காலால் பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். பின்பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டும் பெருவாரியானவர்களுக்கு அந்த ஏற்பாடு சத்தமில்லாமல் உதவிக்கொண்டிருக்கிறது. கிளாசிக்கில் அந்த இணைப்பு இல்லை. கால்பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். எனவே ஸ்பிளெண்டர்க்காரர் காலை மட்டும் அழுத்திவிட்டு, "இவ்வளவு பெரிய டிஸ்க் இருந்தும் நிற்கவில்லையே" என்பார். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குத் தாவுவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துடையது. அங்கே இருக்கும் 300 மில்லிமீட்டர் டிஸ்க்கை வலக்கை விரல்கள் பயன்படுத்தாத வரை அந்த வண்டியின் பிரேக்கைப் பற்றி அவர் எதையும் அறிந்துகொள்ளவில்லை.

சோதிக்கும் முறை இது. மணலும் எண்ணெயும் இல்லாத, பின்னால் யாரும் வராத நேர்ச்சாலையில் ஒரு மின்கம்பத்தை அடையாளமாகக் கொண்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கம்பத்தைத் தொட்டதும் பின்பிரேக்கை மட்டும் பிடியுங்கள். நின்ற இடம்வரை காலடியால் அளங்கள். அடுத்து முன்பிரேக்கை மட்டும், சட்டென்று பிடிக்காமல் முதலில் இலேசாகவும் பிறகு இறுக்கமாகவும் அழுத்திப் பிடியுங்கள். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து. இதே மூன்றையும் அதே கம்பத்தில் ஸ்பிளெண்டரிலும் செய்யுங்கள். பின்பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது பெடல் துடிப்பதுபோல் உணர்ந்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறது என்று பொருள். பயந்து காலை எடுக்காமல் அழுத்தத்தைத் தொடர வேண்டும். கிளாசிக்கின் சில வகைகளில் பின்னால் டிரம் பிரேக்கும் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ்ஸும் உண்டு. எந்த வகையை ஓட்டுகிறோம் என்று கேட்டுக்கொண்டே இந்தச் சோதனையைத் தொடங்குங்கள்.

வேகம் 40-லிருந்து 60-க்கு ஏறினால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்காகிறது. அதே வேகத்தில் ஆளோடு சேர்ந்த கிளாசிக்கின் ஆற்றல், ஸ்பிளெண்டரினுடையதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கிளாசிக்கில் 60 என்பது ஸ்பிளெண்டரின் 45 போல அமைதியாக இருக்கும் என்பதுதான் இதில் ஏமாற்றும் அம்சம். காதை நம்பாமல் வேகமானியைப் பாருங்கள்.

ஏழாம் படி: சாலையில்

இரண்டு வண்டிகளிலும் ஆர்பிஎம் காட்டும் மானி இல்லை. ஆகவே கியர் மாற்றம் காதைப் பொறுத்தது. அந்தக் காது ஸ்பிளெண்டரின் சுருதியில் பழகியது. முழுச் சக்தி 8,000 ஆர்பிஎம்மில் வரும் எஞ்சினில் எஞ்சினைச் சற்றுப் பாடவிட்டுத்தான் அடுத்த கியர் போட வேண்டும். கிளாசிக்கில் அவ்வளவு காத்திருந்தால் சத்தமும் அதிர்வும் கூடும், பயன் கூடாது. அதைச் சீக்கிரம் மேல் கியருக்கு மாற்றி, இழுவையில் ஓடவிட வேண்டும். மேம்பாலத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, ஸ்பிளெண்டர் நான்காம் கியரில் திணறி மூன்றாவதைக் கேட்கும் அதே இடத்தில், கிளாசிக் நான்காம் கியரிலேயே ஏறிவிடும். பிக்கப் பற்றிய உண்மையான ஒப்பீடு இதுதான். சிக்னலில் பச்சை விழுந்ததும் யார் முதலில் போகிறார் என்பதைப் பார்ப்பது விளையாட்டு.

நேர்ச்சாலையில் 50, 60, 70 என்று ஒவ்வொரு வேகத்திலும் சிறிது நேரம் நிலையாகச் சென்று, கைப்பிடி, கால்வைக்கும் கம்பி, சீட் ஆகிய மூன்றிலும் அதிர்வு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் உருவம் தெளிவாக நிற்கிறதா, கலங்குகிறதா என்பது அதிர்வுக்கு நல்ல அளவுகோல். புதிய கிளாசிக் எஞ்சினில் அதிர்வைக் குறைக்க பேலன்சர் தண்டு இருப்பதால், பழைய புல்லட்டைப் பற்றிக் கேட்ட கதைகளை மனத்தில் வைத்து அதை மதிப்பிடாதீர்கள். வேகமானிகள் பொதுவாக உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். இரண்டு வண்டிகளையும் ஒரே வேகத்தில் ஒப்பிட வேண்டுமென்றால், பையில் இருக்கும் கைபேசியில் ஜிபிஎஸ் செயலியைப் பதிவு செய்யவிட்டு, வண்டியை நிறுத்திய பிறகு பாருங்கள்.

வளைவில் வேறுபாடு வேறுவிதமாகத் தெரியும். ஸ்பிளெண்டரின் இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் 1,236 மில்லிமீட்டர். கிளாசிக்கில் அது 1,390. முன்சக்கரமும் 18 அங்குலத்துக்குப் பதிலாக 19. நினைத்ததும் வளைந்து ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் நடுவே நுழையும் ஸ்பிளெண்டரின் குணம் கிளாசிக்கில் கிடையாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முடிவெடுத்து, பிறகு சாய வேண்டும். பதிலாக, கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் பக்கக்காற்று அடிக்கும்போதும், பெரிய பேருந்து முந்திச் செல்லும்போதும், ஸ்பிளெண்டர் ஆடும் அளவுக்கு அது ஆடாது. மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளை முதல் நாளுக்கு வைக்காதீர்கள். கியர் முறை காலுக்குப் பழகிய பிறகு அது ஒரு நல்ல சோதனை. அதற்கு முன்பு அது சூதாட்டம்.

எட்டாம் படி: பின்னால் உட்காருபவரின் தீர்ப்பு

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இவர்தான். வீட்டில் யார் வழக்கமாகப் பின்னால் அமர்கிறாரோ அவரையே அழைத்துச் செல்லுங்கள். ஏறுவது எளிதா, சேலையோடு ஒருபக்கமாக அமர்ந்தால் பாதம் வைக்க இடம் இருக்கிறதா, சேலை கார்டு பொருத்தப்பட்டிருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி கைக்கு எட்டுகிறதா என்று அவர் சொல்ல வேண்டும். ஸ்பிளெண்டரின் நீண்ட ஒற்றை சீட்டில் இருவரோடு ஒரு குழந்தையும் பையும் இடம்பிடித்துவிடும். கிளாசிக்கில் பின்சீட் தனியாக இருக்கிறது. அந்தத் தாராளம் அதில் இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் இருப்பவருக்கு எப்படி இருந்தது என்பதை ஓட்டுபவரால் ஊகிக்கவே முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்பதாம் படி: குறிப்பும் கணக்கும்

இறங்கியதும், விற்பனையாளர் பேசத் தொடங்குவதற்கு முன், கைபேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்துவிடுங்கள். "நன்றாக இருந்தது" என்பது குறிப்பு ஆகாது. "இரண்டாம் கியரில் வேகத்தடை ஏறியபோது திணறவில்லை", "யு-டர்னில் இரண்டு முறை கால் ஊன்றினேன்" என்பவை குறிப்புகள்.

செலவுக் கணக்கு குறிப்புக்குப் பிறகே வர வேண்டும். முன்னால் வந்தால் அது ரசனையைக் கெடுக்கும், வராமலே போனால் மாதக் கடைசியைக் கெடுக்கும். மைலேஜை டேங்க் நிரப்பும் முறையில் பாருங்கள்: முழுமையாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, சில நாள் ஓட்டி, மீண்டும் அதே அளவுக்கு நிரப்ப எவ்வளவு லிட்டர் ஆனது என்று பார்த்து, ஓடிய கிலோமீட்டரை அதனால் வகுத்தால் போதும். டெஸ்ட் ரைடில் இதைச் செய்ய முடியாது. அந்த வண்டியை வைத்திருக்கும் நண்பரிடம் கேட்கலாம். ஸ்பிளெண்டர் 62, கிளாசிக் 35 என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 16 லிட்டரும் 28.5 லிட்டரும் ஆகும்; பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் வேறுபாடு மாதம் சுமார் 1,250 ரூபாய். காப்பீட்டில் 2022-ல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, ஆண்டுக்கான மூன்றாம் தரப்புக் கட்டணம் 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய். 150 முதல் 350 வரை 1,366 ரூபாய். அதற்கு மேல் 2,804 ரூபாய். எஞ்சின் 349 சிசியில் நிற்பதன் பயன் இங்கே தெரிகிறது. 2025 செப்டம்பரில் மாற்றப்பட்ட ஜிஎஸ்டியிலும் 350 சிசி வரை 18 விழுக்காடு, அதைத் தாண்டினால் 40.

பத்தாம் படி: மீண்டும் சொந்த வண்டிக்கு

கிளாசிக்கை ஒப்படைத்துவிட்டு ஸ்பிளெண்டரில் ஏறும் அந்த நேரம், வரும்போது இருந்ததைவிட ஆபத்தானது. ஏனெனில் இது சொந்த வண்டிதானே என்ற அலட்சியம் இருக்கும், காலோ இதற்குள் புதிய கியர் முறையைப் பாதி கற்றிருக்கும். ஷோரூம் வாசலிலேயே நின்று, முன்பக்கம் மிதித்து நான்கு கியரும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, முதல் கிலோமீட்டரைப் பொறுமையாகச் செல்லுங்கள். முன்பிரேக் லீவரையும் மனத்தில் வைத்துப் பிடியுங்கள். டிஸ்க்கில் பழகிய விரல்களுக்கு டிரம் சற்றே தாமதமாகப் பிடிப்பதுபோல் தோன்றும்.

அதே பாதையில் அதே வேகத்தில் திரும்பும் இந்தப் பத்து நிமிடங்களில்தான் ஸ்பிளெண்டரின் குணங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படும்: இதுவரை கவனிக்காத கால்கம்பியின் அதிர்வு, பள்ளத்தில் பின்சக்கரம் துள்ளுவது, அதோடு நெரிசலில் சிறிதும் சிரமப்படாமல் புகுந்து போகும் இலகுவும். இப்போது தோன்றும் குறைகளை இரண்டு வரிசையாக எழுதுங்கள். ஒன்று, காசு கொடுத்தால் தீர்ந்துவிடுபவை: இறுகிப்போன சீட் நுரை, வலுவிழந்த பின் ஷாக் அப்சார்பர், தேய்ந்த ஸ்விங் ஆர்ம் புஷ் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையின் மூட்டு), கடினமாகிவிட்ட பழைய டயர். மற்றொன்று, அந்த வண்டியின் இயல்பு என்பதால் எந்த மெக்கானிக்காலும் மாற்ற முடியாதவை: ஏற்றத்தில் இழுவை, 70-க்கு மேல் இருவரோடு செல்லும்போது வரும் திணறல், பக்கக்காற்றில் ஆட்டம். முதல் வரிசை நீளமாக இருந்தால் மெக்கானிக்கிடம் போய் அவற்றைச் செய்துமுடித்து, ஒரு மாதம் ஓட்டிய பிறகு, அதே ஷோரூமில் அதே பாதைக்கு மறுபடியும் ஒரு டெஸ்ட் ரைடு கேளுங்கள்; இரண்டாம் முறை வருபவரை எந்த விற்பனையாளரும் திருப்பி அனுப்புவதில்லை.